உயிலுக்குள் குத்தூசி விட்டுப் பார்த்தது

உ

புளி ஷெட், ஜமுனாமரத்தூர்
13.3.1982

அன்பு மாப்பிள்ளை பாண்டுரங்கனுக்கு,

அக்காள் புருஷன் கோபால்சாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. மலைமேல் நானும் நாற்பத்திரண்டு புளி மூட்டைகளும் சுகமாக இருக்கிறோம். கீழே ஆலங்காயத்தில் உன் அக்கா செல்லம்மாவும் பிள்ளைகளும் சுகம் என்று பஸ் கண்டக்டர் தினமும் சொல்லிவிட்டுப் போகிறார். செங்கத்தில் நீயும் உன் வீட்டுக்காரி தங்கச்சி குப்பம்மாளும் உன் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மெஷினும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் இங்கே வந்து பதினோரு நாள் ஆகிறது. புளி விலை ஏறுகிற வரைக்கும் சரக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். காற்று நன்றாக இருக்கிறது. மனசு, ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டைத் தாண்டின லாரி மாதிரி லேசாக இருக்கிறது. ஏன் என்று மேலே படி.

நீ ஆலங்காயத்துக்குப் போட்ட கார்டை உன் அக்கா கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். கண்டக்டர் படித்து, டிரைவர் படித்து, இங்கே டீக்கடையில் இறக்கி நாலு பேர் படித்து, “செங்கத்தார் உயில் எழுதப் போறாராமே, ஒடம்புக்கு இன்னா?” என்று என்னைக் கேட்ட பிறகுதான் கார்டு என் கைக்கு வந்தது. நீ எழுதியிருந்தது இது: “மாமா, வக்கீல் செலவில்லாமல் நீங்களே உயில் எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. ஒரு நகல் அனுப்பினால் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்வேன்.”

மாப்பிள்ளை, அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த உயில் இப்போது உயிரோடு இல்லை, நான் இருக்கிறேன். முறைப்படி இது தலைகீழாக நடந்திருக்க வேண்டியது. நம் குடும்பம் செய்த புண்ணியம், உயில் முந்திக்கொண்டது.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஐப்பசியில் எங்கள் பஜாரில் வெல்ல மண்டிக்காரர் ஒருவர், காலையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்தபடியே போய்ச் சேர்ந்தார். உயில் கிடையாது. மூன்று பிள்ளைகள், ஒரு கதவு, மூன்று பூட்டு. ஒருத்தன் திறந்தால் மற்ற இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும், மூன்று பேரும் ஒருநாளும் ஒன்றாக வரவில்லை. உள்ளே இருந்த வெல்லம் உருகி வாசற்படி வழியாக ரோட்டுக்கு வந்தது. வாரிசு சர்டிபிகேட் கேட்காமல் அதை அனுபவித்தது எறும்புகள் மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நமக்கு அப்படி ஆகக் கூடாது என்று அன்றைக்கே பேப்பர் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

வக்கீல் எதற்கு என்று நினைத்தேன். உனக்கே தெரியும், தலையில் உப்பு மூட்டையோடு இந்த மலை ஏறி யாவாரம் ஆரம்பித்தவன் நான். முப்பது வருஷமாக மலைக்காரர்களிடம் புளிய மரங்களைக் குத்தகைக்குப் பிடிக்கிறேன், ஒப்பந்தம் எல்லாம் என் கையெழுத்துதான், ஒன்றுகூட கோர்ட்டுக்குப் போனதில்லை. மனுஷன் சாகிறதும் மரத்தைக் குத்தகைக்கு விடுகிறதும் ஒன்றுதானே, இருந்தவன் போகிறான், இன்னொருத்தன் வந்து உலுக்கிக்கொள்கிறான் என்று கணக்குப் போட்டேன். பழைய குத்தகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அதே மாதிரி மளமளவென்று இரண்டு பக்கம் எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் நான் யாவாரி. சாமை மூட்டை வாங்கினால் மேலாகப் பார்த்து வாங்க மாட்டேன். குத்தூசியை மூட்டையின் அடிவயிற்றில் விட்டு, நடுவில் இருக்கிற தானியம் கைக்கு வந்து, அதை ஊதிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன். உயிலுக்கு மட்டும் ஏன் அந்தப் பரீட்சை இல்லை என்று தோன்றியது. நான் செத்த பிறகு இது எப்படி வேலை செய்யும் என்று இருக்கும்போதே பார்த்துவிடலாமே. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டேன். மூத்தவன் ராஜாக்கண்ணு, அவன் பெண்டாட்டி சம்பூர்ணம், இளையவன் தங்கவேல், அமிர்தியிலிருந்து மகள் வசந்தி. மூன்றாவது மனுஷர் ஒருவர் இருக்க வேண்டும் என்று, சாமை கொண்டுவந்திருந்த மலைக்கார லட்சுமணனையும் உட்கார வைத்தேன். நான் குத்தகை பிடிக்கிற மரங்களுக்குச் சொந்தக்காரன் அவன். உன் அக்கா வழக்கம்போல் ஹாலில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சின்மேல் நீட்டிப் படுத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “நான் செத்துட்டேன். வசந்தி, படி. யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது, நானும் பேச மாட்டேன்” என்றேன்.

“காலங்காத்தால இன்னாங்க பேச்சு இது” என்றாள் உன் அக்கா. கொட்டை எடுக்கிற சுத்தியல் நிற்கவில்லை.

வசந்தி படித்தாள். “என் ஆயுளுக்குப் பிறகு ஆலங்காயம் பஜார் தெருவில் உள்ள என் வீட்டை மூத்த மகன் ராஜாக்கண்ணு எடுத்துக்கொள்ள வேண்டியது.” ராஜாக்கண்ணு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டதைத் துண்டு வழியாகப் பார்த்தேன். சம்பூர்ணம் மட்டும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். “இந்தச் செவுத்த எடுத்துட்டா ஹால் பெரிசாயிடும் இல்லீங்க?” நான் செத்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை மாப்பிள்ளை.

“மண்டியையும் தராசையும் இளைய மகன் தங்கவேல் மூன்று பூப்பு வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” தங்கவேல் துள்ளினான். “மூணு பூப்பா? மூணு வருஷம் கழிச்சி மண்டிய யார்கிட்ட வுடறது?” மரக் குத்தகையில் மூன்று பூப்பு என்று எழுதுகிற வழக்கம், பழகின கை அப்படியே எழுதிவிட்டது. சொல்லலாம் என்று துண்டை எடுத்தேன். “அப்பா, நீங்க செத்துட்டீங்க” என்றான் ராஜாக்கண்ணு, ரொம்ப மரியாதையாக. மறுபடி மூடிக்கொண்டேன்.

“மகள் வசந்திக்கு அவள் மனம் கோணாதபடி கொடுக்க வேண்டியது.” படிக்கிறவளே நிறுத்திவிட்டாள். “யாரு குடுக்கணும்? இன்னா குடுக்கணும்?” அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி அண்ணனைப் பார்த்தான். “எம் மனசு கோணுச்சா இல்லியான்னு எந்தத் தராசுல வச்சிப் பாப்பீங்க?” என்றாள் அவள். எனக்குப் புளித் தூசியில் தும்மல் வந்துவிட்டது. “செத்தவரு தும்ம மாட்டாரு, நீ மேல படி” என்றான் தங்கவேல்.

“மலைமேல் உள்ள முப்பத்தாறு புளிய மரங்களும் இரு மகன்களுக்கும் சரிபாதி. மழை, காற்று, குரங்கு, கரடி இவற்றால் உண்டாகும் சேதத்துக்கு நான் பொறுப்பல்ல.” இங்கே லட்சுமணன் தொண்டையைச் செருமினான். “தப்பா நெனச்சிக்காதீங்க. மரம் எங்கப்பன் வச்சதுங்களே. மண்டிக்காரருக்குக் காய் மட்டுந்தானுங்க. அதுவும் இந்த வருசத்தோட முடியுது.” சொல்லிவிட்டு, செத்தவனைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்று என் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். தங்கவேல் மட்டும் விடவில்லை. “கரடிக்கு அப்பா பொறுப்பில்லியாம். அப்போ அதையும் எங்க தலையிலயா கட்டறாரு?”

இது வரைக்கும் சிரிப்புத்தான் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் சிரிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் நல்லவர்கள், பொறுப்பானவர்கள், குறை சொல்ல மாட்டேன். பொறுப்பாகத்தான் தாயாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். “அம்மா ஆறு மாசம் எங்கிட்ட, ஆறு மாசம் உங்கிட்ட” என்றான் மூத்தவன். “புளி சீசன்ல எங்கிட்ட வுட்டுடு, மண்டியில கொட்டை எடுக்க ஆள் வேணும்” என்றான் இளையவன். “சீசன்லதான் சம்பூர்ணம் பொறந்த வூட்டுக்குப் போவா, கொழந்தைங்கள யார் பாக்கறது? நீ மழை மாசத்துல வச்சிக்க.” “மழையில மண்டிக்குப் பின்னால இருக்கற ரூம்பு ஒழுவுதே.” “தார்ப்பாய் கட்டு.”

தார்ப்பாய். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவளுக்கு, நாலு அடி தள்ளி அவள் உட்கார்ந்திருக்கும்போதே, தார்ப்பாய்.

சுத்தியல் சத்தம் நின்றது. “வசந்தி, பூராத்தையும் படிச்சிட்டியா?” என்றாள் உன் அக்கா. “படிச்சிட்டேம்மா. சாட்சிங்க பேருதான் பாக்கி.” “எம் பேரு எங்கியாவது வந்துச்சா?” வசந்தி முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள், பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “இல்லம்மா.” செல்லம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. “ஏங்க, இதுல நான் எந்த மூட்டையில இருக்கேன்?”

மறந்துவிட்டேன் மாப்பிள்ளை. வேண்டுமென்று விடவில்லை, சத்தியம். அவளைப் பிரித்து எழுத வேண்டிய ஒரு பங்காக நான் நினைத்ததே இல்லை. வீடு என்றால் அதற்குள் அவள் இருப்பாள், அவ்வளவுதான் என் மூளைக்குத் தெரிந்தது. வீட்டை மூத்தவனுக்கு எழுதினபோது அவளையும் சேர்த்து எழுதிவிட்டேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. துண்டை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். “இப்பிடி இல்ல, நான் நெனச்சது வேற” என்று கத்தினேன். லட்சுமணன்தான் மெதுவாகச் சொன்னான். “மண்டிக்காரே, நெசமா செத்தப்புறம் இப்பிடி எழுந்து ஒக்கார முடியாதுங்களே.”

மறுநாளே திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறினேன். உன் அக்கா, “நானும் வர்றேன்” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் உயிலை நிதானமாகப் படித்தார். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. கரடி வந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். கடைசிக்கு வந்து, “முதல் சாட்சி லட்சுமணன், சரி. இரண்டாவது சாட்சி வேடியப்பன்னு இருக்கே, அவர் கையெழுத்துப் போடலையே?” என்றார். “அது மலையில இருக்கிற சாமிங்க. அவரு முன்னால பேச்சு முடிச்சா ஒருத்தரும் மீற மாட்டாங்க. எல்லா ஒப்பந்தத்துலயும் ரெண்டாவது சாட்சி அவருதான்” என்றேன். “சம்மன் அனுப்பினா கோர்ட்டுக்கு வருவாரா?” “கெடா வெட்டினா வருவாருங்க.” அதையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார் பார். ஒரு மணி நேரம். இந்த மண்டி இடம் யார் பேரில், கட்டடம் யார் பேரில், மகளுக்கு என்ன தொகை என்று நீங்கள் மனசில் வைத்திருக்கிறீர்கள், அதை ஏன் எழுதவில்லை, பிள்ளைகளில் ஒருவர் உங்களுக்கு முன்னால் போய்விட்டால் அவர் பங்கு யாருக்கு, உங்களுக்குப் பிறகு இதையெல்லாம் நின்று நிறைவேற்றப் போகிறவர் யார். எனக்கு வேர்த்துவிட்டது. நான் மூட்டையில் ஒரு இடத்தில்தான் குத்தூசி விட்டேன், அவர் மூட்டைக்கு மூட்டை விட்டார். “வீட்டுப் பத்திரம் கொண்டாந்தீங்களா?” என்றார். டிரங்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பதினெட்டு வருஷமாகப் பிரிக்காத பத்திரம். பிரித்தார், படித்தார், என்னைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார், மறுபடி படித்தார். “இந்த வீட்டை நீங்க யாருக்கும் எழுத முடியாதே” என்றார். “ஏங்க?” “இது உங்க வீடு இல்ல. அம்மா வீடு.”

1964. உனக்கு அப்போது பதினாறு வயசு இருக்கும். நான் முதல் லாரிக்குக் கூட்டு சேர்ந்த வருஷம். யாவாரம் கவிழ்ந்தாலும் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வரக் கூடாது என்று, உங்கள் அப்பா போட்ட வளையல்களை விற்ற பணத்தில், உன் அக்கா பேரிலேயே கிரயம் செய்தேன். அதில் எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை, என்னைப் போல் சாமர்த்தியசாலி உண்டா என்று. லாரி கவிழவில்லை, யாவாரம் நிமிர்ந்தது, பத்திரம் பெட்டியில் கிடந்தது, நான் மறந்துவிட்டேன். இல்லாத மரத்தை எழுதினது போதாதென்று, அவள் வீட்டையே எடுத்து அடுத்தவனுக்கு எழுதியிருக்கிறேன். நான் பாட்டுக்குச் செத்திருந்தால், அப்பா கையெழுத்தாயிற்றே என்று பிள்ளைகளும் நம்பி, அவளும் பேசாமல், தன் வீட்டை விட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் போயிருப்பாளே என்று நினைத்ததும் பத்திரத்தை வக்கீல் கையிலிருந்து வாங்கி நானே ஒரு தடவை படித்தேன். படித்த பிறகு வந்தது பார் ஒரு நிம்மதி, சொல்ல முடியாது. நான் என்ன தப்பு எழுதினாலும் அந்த வீட்டை அவளிடமிருந்து எடுக்க முடியாதபடி, நானே பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் செய்து வைத்திருக்கிறேன்.

திரும்புகிற பஸ்ஸில் கேட்டேன். “ஒனக்கு ஞாபகம் இருந்துச்சா?” “எங்கப்பா போட்ட வளையல் போன நாளு எனக்கு மறக்குமா?” “அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, எந்த மூட்டைன்னு ஏன் கேட்டே?” ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “குத்தூசி நீங்க மட்டுந்தான் வச்சிருக்கீங்களா?”

புது உயில் மாசி முதல் வாரத்தில் பதிவாயிற்று. மண்டி இரண்டு பிள்ளைகளுக்கும், பூப்புக் கணக்கில்லாமல். வசந்திக்குப் பாங்கில் போட்டிருப்பது, தொகை எழுதி. உன் அக்கா ஆயுளுக்கும் மண்டி வருமானத்தில் பங்கு, முதல் பாராவில், முழுப் பெயரோடு. சாட்சிகள் இரண்டு பேரும் உயிரோடு நடமாடுகிறவர்கள், ஒருவர் டாக்டர். கரடி எங்கேயும் இல்லை. வக்கீல் இருநூறு ரூபாய் கேட்டார். பழக்க தோஷம், குறைத்துக்கொள்ளச் சொன்னேன். “குறைக்கலாம். சாட்சியில ஒருத்தரக் குறைச்சிடட்டுமா?” என்றார். முழுசாகக் கொடுத்தேன். அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. “இங்க பேசறது இந்த நாலு சுவரத் தாண்டாது. கட்சிக்காரர் விஷயத்தை அவர் வீட்டாருக்கே சொல்ல மாட்டேன்” என்றார். தொழில் என்றால் அது தொழில்.

ஆகவே மாப்பிள்ளை, நகல் கேட்காதே. என் சட்டை உனக்குச் சேராது. மல்லாட்டை உடைக்க மெஷின் வைத்திருக்கிற நீ, பல்லால் கடித்தா எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறாய்? எதெதற்கு எவனெவன் இருக்கிறானோ அவனிடம் போ. போவதற்கு முன்னால் பத்திரங்களை எல்லாம் பிரித்து, உன்னுடையது என்று நினைக்கிறது உன்னுடையதுதானா என்று பார்த்துக்கொள். குப்பம்மாளையும் கூடக் கூட்டிக்கொண்டு போ. நான் இப்போதெல்லாம் படுத்த மாத்திரத்தில் தூங்குகிறேன்.

மழையும் மில்லும் உன்னை ஏமாற்றாமல் இருக்க வேடியப்பன் காப்பாற்றட்டும், சாட்சிக்கு ஆகாவிட்டாலும் ஆசீர்வாதத்துக்கு ஆவார். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்
ஆ. கோபால்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மனசு கேட்கவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன். விலை ஏறட்டும் என்று நான் இங்கே வரவில்லை. புது உயில் பதிவாகி வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா ஹாலில் நின்று நாலு பக்கமும் பார்த்து, “எம் வூட்ல எதுக்குங்க இத்தினி மூட்டை?” என்றாள். மண்டியில் இடமில்லை என்றேன். மலையில் ஷெட் இருக்கிறதே என்றாள். மூட்டைகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவர், “மலையிலர்ந்து புளி எறங்கிப் பாத்திருக்கேன், மலைக்குப் புளி போயி இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்று வழியெல்லாம் சிரித்தான். அது போகட்டும். போன திங்கட்கிழமை உன் அக்கா தனியாகத் திருப்பத்தூர் போய், அதே வக்கீலிடம், அவள் வீட்டுக்கு அவள் ஒரு உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டாளாம். கண்டக்டர்தான் சொன்னார். அன்றிலிருந்து தங்கவேல் மண்டிக்குப் பின்னால் ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றுகிறானாம், சம்பூர்ணம் சுவரைப் பார்ப்பதே இல்லையாம். வக்கீலுக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன், “நாலு சுவர்” என்று ஒரு வரியில் பதில் வந்தது. உன் அக்காவிடமே கண்டக்டர் மூலமாகக் கேட்டனுப்பினேன். பஸ் நிறைய ஆள் இருக்கும்போது அவர் பதில் சொன்னார்: “ஒங்களுக்கும் எடம் இருக்குதாம். ஆனா அந்தம்மா போன பிற்பாடுதான் பிரிச்சிப் பாக்கணுமாம்.” ஆகவே குப்பம்மாளை வக்கீலிடம் கூட்டிப் போகச் சொன்னதை மட்டும் அடித்துவிட்டுப் படி. நீ ஒரு நடை ஆலங்காயம் போய், கூடப் பிறந்தவளிடம் நயமாக விசாரித்து எனக்கு ஒரு வரி எழுது, நான் எந்த மூட்டையில் இருக்கிறேன் என்று. கார்டில் எழுதாதே, கவரில் எழுது.